சந்தன்நகருக்கு வாக்கெடுப்பு, புதுச்சேரிக்கு 178 பேர்: பிரெஞ்சு இந்தியா கைமாறிய விதம்

சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே 22 அன்று கையெழுத்திட்டது. முன்பு அங்கிருந்து வெளியேற்றப்பட்ட தீவு மக்களில் பலர், தங்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்று குறை கூறினர். இந்தியாவில் பிரெஞ்சுப் பகுதிகள் கைமாறியபோதும் மக்களின் ஒப்புதலே பிரச்சினையாக இருந்தது.

கொல்கத்தாவின் அலிப்பூர் சிறையில் 1908 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் கனாயிலால் தத்தா, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்தன்நகரில் பிறந்தவர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் விடுதலையான அரவிந்தர், 1910-ல் முதலில் சந்தன்நகருக்கும் பின்னர் புதுச்சேரிக்கும் சென்றார். பிரிட்டிஷ் காவல்துறையின் கைக்கு எட்டாத ஊர்கள் அவை. புரட்சியாளர்களுக்குப் புகலிடம் தந்த அந்த எல்லைக்கோடு, விடுதலைக்குப் பின் டெல்லிக்குத் தலைவலியானது.

மக்களின் சம்மதமின்றி எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது பிரான்சின் 1946 அரசமைப்பு. எனவே எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யலாம் என இரு நாடுகளும் 1948 ஜூனில் உடன்பட்டன. சந்தன்நகரில் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் இணைய 7,473 பேரும், பிரான்சுடன் நீடிக்க 114 பேரும் வாக்களித்தனர். இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும், சட்டப்படியான மாற்றம் முடிய 1952 ஜூன் வரை ஆனது.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பகுதிகளில் அத்தகைய வாக்கெடுப்பு நடைபெறவே இல்லை. சுங்கக் கட்டுப்பாடுகளால் இந்தியா நெருக்கியது. இந்தோசீனாவில் தோற்ற பிரான்சுக்கும் பிடிவாதம் பிடிக்க வலுவில்லை. கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். முடிவு மக்களின் மனநிலைக்கு மாறானது என்று சொல்ல முடியாது. ஆனால், 1948-ல் தரப்பட்ட வாக்குறுதி இதுவல்ல.

நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் முடியும் வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பிய உள்ளூர்வாசிகள் ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் இந்தியக் குடிமக்களாயினர். அன்று எழுதிக்கொடுத்தவர்களின் வாரிசுகள் பலர் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலேயே வாக்களிக்கின்றனர்.