இணங்க மறுக்கும் தேகம்

தேக சுகத்தை நாடி நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து குவியும் குற்றாலத்தை அடுத்த ஊர்களிலேயே, சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தை அண்டி உயிர் வாழ்வோரும் இருக்கின்றனர். அவர்களுள் தாயோ தமையனோ மனமுவந்து அளித்த சிறுநீரகத்தைப் பெறும் பாக்கியம் வாய்த்தவர்க்கும் துன்பம் அத்துடன் ஒழிவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு அரசு கைகொடுத்தாலும், அச்சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க டாக்ரோலிமஸ் முதலான மருந்துகளை ஆயுள் பரியந்தம் தவறாமல் உட்கொள்வதும், இரத்தத்தில் அவற்றின் அளவைச் சோதிக்கத் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய் வருவதும், கூலி வேலையால் பிழைக்கும் குடும்பத்துக்கு எளிய காரியங்கள் அல்ல.

அந்நியப் பொருளை அழிப்பது தேகத்தின் இயற்கைத் தர்மமாதலால், அந்த எதிர்ப்புச் சக்தியை மழுங்கச் செய்தாலன்றி மாற்றுறுப்பு நிலைப்பதில்லை. மழுங்கிய சக்தியோ நோய்க்கிருமிகளையும் சரிவரத் தடுக்காது. அன்றியும், டாக்ரோலிமஸ் தான் காக்கவந்த சிறுநீரகத்தையே நாளடைவில் சேதப்படுத்தவும் கூடும்.

எதிர்ப்பை அடக்குவதை விடுத்து இணக்கத்தைப் பயிற்ற இயலும் என்பதை 1953இல் விஞ்ஞானி பீட்டர் மெடவாரும் அவர் சகாக்களும் எலிகளில் நிரூபித்தனர்: கருவிலேயே வேறோர் இனத்து எலியின் உயிரணுக்களைப் பெற்ற குஞ்சு, வளர்ந்தபின் அவ்வினத்து எலியின் தோலை ஏற்றுக்கொண்டது. அதே நெறியில் 2008இல் பாஸ்டன் மருத்துவர்கள், சிறுநீரகத்தோடு அதை அளித்தவரின் எலும்பு மஜ்ஜையையும் 5 பேருக்குச் செலுத்தி, அவர்களுள் 4 பேர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விட்டு வாழ்வதை வெளியிட்டனர்.

நம் தேசத்தில் இத்துறையில் முன்னின்றவர், 1977இல் கனடாவிலிருந்து அகமதாபாத்துக்குத் திரும்பிய டாக்டர் எச். எல். திரிவேதி. தானம் செய்வோரின் கொழுப்புத் திசுவிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் பெற்ற ஸ்டெம் செல்களை, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் வழியே செலுத்தி, மருந்தின் அளவைக் குறைக்க அவருடைய குழுவினர் முயன்றனர்.

ஆயினும் இம்முறை ஆபத்தற்றது அன்று. மஜ்ஜையை ஏற்க உடலைப் பக்குவப்படுத்தும் சிகிச்சையே கடுமையானது. செலுத்தப்பட்ட அணுக்கள் பெற்றவரின் தேகத்தையே தாக்குவதும் உண்டு. இரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர, பிறவற்றுக்கு ஸ்டெம் செல்லைச் சோதனை முறையிலன்றிப் பயன்படுத்தலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் விதித்திருப்பதன் நியாயம் இதுவே. ஆசை காட்டிப் பணம் பறிக்கும் வியாபாரத்துக்கு இங்கே இடமிருத்தல் கூடாது.

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானத்தில் தமிழ்நாடு புகழ் பெற்றது; ஆனால் அங்கே அவகாசம் சில மணி நேரமே. முன்கூட்டியே அணுக்களைப் பெற்றுப் பக்குவம் செய்வதற்கு, உயிரோடுள்ள உறவினர் தானமே பெரிதும் ஏற்றது. ஆகவே நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் இத்தகைய குடும்பங்களின் சம்மதத்தோடு முறையான சோதனைகளை நடத்தி, பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, தோல்விகளையும் மறையாது வெளியிட வேண்டும். சிகிச்சைக்குப் பிந்திய மருந்துச் செலவு அரசின் தலையில் விழுந்தாலும் ஏழையின் தலையில் விழுந்தாலும், அதை ஆயுள் முழுமைக்கும் கூட்டிப் பார்ப்பவர் இவ்வாராய்ச்சிக்காகும் பொருளை விரயம் என்று சொல்லார்.