எல்லைக் கல்லூரிகளில் தரவுத்தளப் பாடம் எங்கே தொடங்க வேண்டும்?

தரவுத்தளத்தை அறிமுகப்படுத்தும் பாடநூல்களில் பெரும்பாலும் ஒரு கம்பெனி வரும். அதில் ஊழியர்கள், துறைகள், சம்பளம். மாணவர் அந்த அட்டவணைகளை அப்படியே எழுதிக்கொண்டு, தரவைக் கேட்டுப் பெறும் எஸ்க்யூஎல் கட்டளைகளுக்குப் போய்விடுகிறார். அட்டவணையை ஏன் அப்படி அமைத்தார்கள் என்று கேட்க இடமே இல்லை. தரவை அட்டவணைகளாக வைத்து உறவுபடுத்தும் முறையை 1970இல் எட்கர் காட் முன்வைத்தார். அட்டவணை போடுவதற்கு முன்பே, பதிவுசெய்யப் போகும் உலகில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குள் என்ன தொடர்பு என்று வரைந்து பார்க்கும் வழியை 1976இல் பீட்டர் சென் கொடுத்தார். பாடத்தின் உயிர் இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிக் கல்லூரிகள் அதைத் தங்கள் ஊர் மக்களின் பெயரிலிருந்தும் முகவரியிலிருந்தும் தொடங்க வேண்டும்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான் உண்டு. முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று படிவம் கேட்டால், ஒருவர் இனிஷியலை எழுதுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார். முருகன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டு வழக்கில் ‘ஜி’ வரும், கேரள வழக்கில் பெரும்பாலும் ‘கே’ வரும். தங்கம் என்ற பெயருக்கும் இதே கதிதான். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என்று பதிவானால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தளர்வாக ஒப்பிட்டாலோ, ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். தேர்தல் காலத்தில் எல்லையோரத்தில் எழும் இரட்டை வாக்குப் புகார்களைச் சரிபார்ப்பதிலும் இந்த இருபக்க ஆபத்து உண்டு.

முகவரியில் சிக்கல் இன்னும் ஆழமானது. தேயிலைத் தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும். சொந்த ஊர் தேனியிலோ தென்காசியிலோ இருக்கும், பிள்ளைகள் திருப்பூரில் வேலை பார்க்கலாம். நபரின் அட்டவணையில் முகவரிக்கு ஒரே ஒரு கட்டம் வைத்தால், புது முகவரி பதிந்ததும் பழையது அழிந்துபோகும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனையாவது வீடு என்பதற்குத் தனி அட்டவணை வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கியின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்களை இழந்தோம். அப்படியொரு பேரிடரில் மீட்பு வேலையின் முதல் கேள்வியே, அன்றிரவு எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதுதான்.

ஆதார் எண் இருக்கும்போது பெயர்க் குழப்பம் எதற்கு என்று கேட்கலாம். 12 இலக்க எண் ஆளை அடையாளம் காட்டும். ஆனால் பழைய பள்ளிச் சான்றிதழிலும் நில ஆவணத்திலும் அது இல்லை. அவற்றைப் பொருத்திப் பார்க்கும் இடத்தில் மறுபடியும் பெயர்தான் வந்து நிற்கிறது. வேலைக்கான நேர்முகத்தில் இதையெல்லாமா கேட்கப் போகிறார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். அங்கே கேட்கப்படும் பிரைமரி கீயும் (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளம்) நார்மலைசேஷனும் (ஒரே தகவல் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது) இந்தப் பெயர், முகவரிச் சிக்கல்களுக்குள்ளேயே இருக்கின்றன. எஸ்க்யூஎல் கட்டளையை இன்று செயற்கை நுண்ணறிவே எழுதித் தந்துவிடும். லயத்து வீட்டை எப்படிப் பதிவது என்று முடிவெடுக்க அந்த வாழ்க்கை தெரிந்த ஆள் வேண்டும். பிறர் விவரங்களை மாணவர் கையில் கொடுக்கலாமா என்ற கவலை நியாயமானது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பை உணர்த்துகிறது. அதனால் சிக்கல் உண்மையானதாகவும் ஆட்கள் கற்பனையாகவும் இருக்கட்டும்.

இதில் மொழி உரிமையும் அடங்கியிருக்கிறது. சிறுபான்மைப் பகுதித் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுத, 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மென்பொருள் தமிழ் எழுத்தை ஏற்காவிட்டால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். ஏற்றாலும் வேலை முடிவதில்லை. யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்பது ‘ப’வுக்கு முன்னால் நிற்கிறது, அகராதியிலோ மெய் வரிசையின் கடைசி எழுத்து அது. தமிழுக்குரிய வரிசை முறையைக் குறிப்பிடாமல் அடுக்கினால், மயிலுக்குப் பின்னால் வர வேண்டிய மன்னன் முன்னால் வந்துவிடுவான். தமிழும் மலையாளமும் தெரிந்த எல்லை மாணவர் இத்தகைய பிழைகளைச் சட்டென்று பிடிப்பார்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்றும் இனிச் சொல்ல முடியாது. 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பில், ஆசிரியரே உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் பகுதியைக் கோழிக்கோடு பல்கலைக்கழகமும் மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் வைத்திருக்கின்றன. அந்த நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். கேரள அரசின் அக்ஷயா மின்சேவை மையங்களில் அன்றாடம் படிவம் நிரப்புகிறவர்களை வகுப்புக்கு அழைத்து, எந்தக் கட்டத்தில் மக்கள் திணறுகிறார்கள் என்று கேட்கலாம். மதிப்பெண்ணில் பாதியையாவது, அட்டவணையை இப்படி அமைத்ததற்கு மாணவர் சொல்லும் காரணத்துக்கு ஒதுக்க வேண்டும். நாளை அரசு அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதப் போகிறவர்களும் இவர்களே. தங்கள் ஊர்க்காரர்களை விட்டுவிடாத அட்டவணையை வடிவமைக்க இவர்களுக்குக் கற்றுத்தருவது கல்லூரியின் கடமை.