சுங்கம் தவிர்த்த நதி

ஜெர்மனியில் கௌப் என்றொரு சிற்றூர். அதற்கு எதிரே, ரைன் நதியின் நடுவில் துருத்தி நிற்கும் பாறைமேல் ஒரு கோட்டை. தூரத்தில் இருந்து பார்த்தால் நங்கூரமிட்ட கல் கப்பல் மாதிரி இருக்கும். 1327 வாக்கில் கட்டியது. போருக்காக அல்ல, வசூலுக்காக. கோட்டைக்கும் கரைக்கும் இடையே சங்கிலியை இழுத்துக் கட்டிவிட்டால் எந்தப் படகும் நின்றுதான் தீர வேண்டும். 1866 வரை இந்த இடத்தில் சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் நிரம்பிக்கொண்டே இருந்த உண்டியல்.

முதலாம் குலோத்துங்கனுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் வந்தது. ஒரு நாடு, ஓர் அரசன், ஓர் ஆணை, காரியம் முடிந்தது. ஆற்றங்கரையில் ஆளுக்கொரு அரசன் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? நான் சுங்கத்தை விட்டுக்கொடுத்தால் அடுத்த வளைவில் இருப்பவனுக்குத்தான் லாபம். ஆகவே யாரும் முதலில் விட மாட்டார்கள். பேராயர், கோமகன், நகரசபை என்று ரைன் நெடுகச் சாவடிகள் முளைத்தன.

கொலோன் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1259இல் அது பெற்ற உரிமைப்படி, அந்த வழியே போகும் சரக்கு முழுவதையும் அங்கே இறக்கி மூன்று நாள் கடைவிரிக்க வேண்டும். வாங்கும் முதல் உரிமை உள்ளூர்க்காரருக்கு. மீந்ததை வேறு படகில் ஏற்றிக்கொண்டு போகலாம். மீன் பீப்பாயும் ஒயின் பீப்பாயும் மூன்று நாள் கரையில் காத்துக் கிடந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். வணிகனுக்கு வயிற்றெரிச்சல்; தரகனுக்கும் சுமைகூலியாளுக்கும் அதுதான் சோறு. இது முடிவுக்கு வந்தது 1831இல்.

நெப்போலியன் வீழ்ந்தபின் 1815இல் வியன்னாவில் கூடிய அரசுகள் ரைனுக்கென்று ஒரு பொது ஆணையத்தை உண்டாக்கின. இன்று உயிரோடிருக்கும் சர்வதேச அமைப்புகளில் மூத்தது அதுதான். மறு ஆண்டு மைன்ஸ் நகரில் முதல் கூட்டம். உடனே சண்டை. கப்பல் போக்குவரத்து ‘கடல் வரை’ தடையற்றது என்று எழுதியிருந்தார்கள். கடல் வரை என்றால் கடலுக்குள் என்று பொருளில்லை என்றது நெதர்லாந்து. முகத்துவாரத்தில் கட்டணம் வாங்குவது தன் உரிமையாம். ‘வரை’ என்ற ஒரு சொல்லை வைத்துப் பிரஷ்யாவும் நெதர்லாந்தும் 1831 வரை மல்லுக்கு நின்றன. ஆற்றுச் சுங்கம் அடியோடு ஒழிய 1868இல் மான்ஹைம் ஒப்பந்தம் வர வேண்டியிருந்தது. வியன்னாவில் கையெழுத்திட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் அது.

நட்பு முற்றியதால் வந்த ஒப்பந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதில் கையெழுத்திட்ட பிரான்ஸும் பிரஷ்யாவும் இரண்டே ஆண்டில் போர்க்களத்தில் சந்தித்தன. அந்தப் போரில் அல்சாஸ் பகுதியை இழந்த பிரான்ஸுக்கு ரைன் கரையே இல்லாமல் போயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழானது: 1920இல் ஆணையம் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு இடம்பெயர்ந்து, ஜெர்மன் பேரரசருக்காகக் கட்டிய அரண்மனையில் குடியேறியது. 1936இல் ஹிட்லரின் ஜெர்மனி விலகியது. 1945க்குப் பின் மறுபடியும் கூடினார்கள். மான்ஹைம் ஒப்பந்தம், பல திருத்தங்களோடு, இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆற்றில் படகுகள் மோதிக்கொண்டு வழக்கானால், படகுக்காரர் உள்நாட்டு மேல்நீதிமன்றத்தை விட்டுவிட்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இந்தச் சின்ன விஷயத்தில்தான் ஆணையத்தின் ஆயுள் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவர்கள் முகம் திருப்பிக்கொண்டாலும், மோதிய படகின் வழக்கை யாராவது தீர்த்துத்தானே ஆக வேண்டும்.

நம் பக்கத்துக் கதை வேறு. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985 டிசம்பரில் டாக்காவில் பிறந்தது. அதன் கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மாண்டுவில் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் கூடவேண்டியது கூடவே இல்லை. இரண்டு தலைவர்களின் கோபதாபம் எட்டு நாடுகளின் கூட்டத்தை நிறுத்திவிட முடியும் என்று அமைத்தது கட்டியவர்களின் பிழை.

ரைனை மெச்சுகிறேன் என்பதால் அதன் அழுக்கை மறைக்க முடியாது. அல்சாஸின் பொட்டாஷ் சுரங்கங்கள் ஆண்டுக்கணக்காக ஆற்றில் உப்பைக் கொட்டின. அந்தத் தண்ணீரை நம்பிய டச்சு நாற்றங்கால்காரர்கள் செடி கருகிக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1976இல் ஓர் உடன்படிக்கை வந்தது. உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்ஸுக்கு 30 சதம், ஜெர்மனிக்கு 30, சுவிட்சர்லாந்துக்கு 6. உப்புத் தண்ணீர் குடித்த நெதர்லாந்துக்கு 34! கொட்டியவனைவிடக் குடித்தவன் அதிகம் கொடுக்க வேண்டுமாம். அதையும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றாமல் இழுத்தடிக்க, 1979இல் நெதர்லாந்து பாரிஸிலிருந்து தன் தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒற்றுமை கொடிகட்டிப் பறந்த காலத்தில், உப்புக்காக.

பிறகு 1986 நவம்பர் 1, விடியாத பொழுது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர் அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்தையும் சாயத்தையும் வாரிக்கொண்டு ஆற்றில் இறங்க, ரைன் சிவந்து ஓடியது. விலாங்குகள் லட்சத்துக்கு மேல் செத்து மிதந்தன. கீழ்க்கரை ஊர்களில் குடிநீர் எடுப்பதை நிறுத்தினார்கள். பத்தாண்டு பேசியும் நகராத கோப்பு அடுத்த ஆண்டே நகர்ந்தது: 2000க்குள் சால்மன் மீனை ஆற்றுக்குத் திரும்பக் கொண்டுவருவது என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. விகிதாசாரக் கணக்கில் அடித்துக்கொண்டவர்களால் ஒரு மீனின் பெயரில் ஒன்றுசேர முடிந்தது. மீன் வந்தது. ஆனால் மேல் ரைனின் அணைகளில் எல்லாவற்றிலும் அதற்கு வழி அமையவில்லை. பாசல் வரை தடையின்றி நீந்திப் போகும் நாள் இன்னும் வரவில்லை.

கௌப்புக்கே திரும்புவோம். அங்கே கரையில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் இருக்கிறது. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தளம் அல்ல என்பதால் படகுகள் ஓடத்தான் செய்தன. பாதிச் சுமைகூட ஏற்றாமல். தண்ணீர் குறைந்த நாட்களில் கௌப்பைத் தாண்டிப் போகும் சரக்கின் கூலியோடு சேரும் கூடுதல் கட்டணத்தை இந்த அளவைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். எதிரே, பாறையில், பழைய சுங்கக் கோட்டை. இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம்.