பூஜை அறைக்குக் கண்ணாடிக் கதவு

ஆலய வழிபாட்டில் கண்ணாடிக்குத் தனி இடம் உண்டு. குடை, சாமரம், விசிறி முதலிய உபசாரங்களோடு இறைவனுக்குக் கண்ணாடியும் காட்டப்படுகிறது. திருவரங்கத்தில் உற்சவ நாள்களில் நம்பெருமாள் கண்ணாடி அறையில் எழுந்தருளிச் சேவை சாதிக்கிறார். கன்னியாகுமரி மாவட்டம் சுவாமித்தோப்புப் பதியின் பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடியின் முன்னேதான் அன்பர்கள் வணங்குகின்றனர். கேரளத்தின் களவங்கோட்டில் ஸ்ரீ நாராயண குரு 1927-ஆம் ஆண்டு கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். தன்னுள் உறையும் ஈசனைத் தானே காண்க என்பது அதன் குறிப்பு.

இன்று அந்தக் கண்ணாடி இல்லங்களின் பூஜை அறைக் கதவுக்கும் வந்துவிட்டது. மணிகள் தொங்கும் மரக்கதவின் இடத்தில் தாமரையும் தீபமும் பொறித்த கண்ணாடிக் கதவு நிற்கிறது. கண்ணுக்கு இனியதுதான். ஆயினும் விளக்கு எரியும் இடம் அது. முதியோர் விடியற்காலை இருளில் தனியே வந்து நிற்கும் இடமும் அதுவே. எனவே அழகுக்கு முன்னே பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கண்ணாடியின் வகை. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற சில்லுகளாகச் சிதறும். விளக்கின் சூடு ஓரிடத்தில் மட்டும் படும்போது விரிசல் காண்பதும் உண்டு. கடைகளில் ‘டஃபன்டு’ என்று கேட்டால் கிடைக்கும் கண்ணாடி, 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கிக் காற்றால் விரைந்து குளிர்விக்கப்பட்டது. அது சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ 4 மடங்கு வலிமை உடையது. உடைந்தாலும் கூர்மை குறைந்த சிறு துணுக்குகளாகவே உதிரும். இருபலகைகளின் நடுவே மெல்லிய நெகிழிப்படலம் வைத்து ஒட்டிய ‘லேமினேட்டட்’ கண்ணாடியோ, உடைந்தபின்னும் துணுக்குகளைத் தன்னிடமே பிடித்துக்கொள்ளும். இவ்விரண்டில் ஒன்றையே கதவுக்குக் கொள்ள வேண்டும். டஃபன்டு கண்ணாடியைப் பின்னர் வெட்டவோ துளையிடவோ இயலாது. ஆதலால் மணி தொங்கவிடவும் கைப்பிடி பொருத்தவும் வேண்டிய துளைகளை முன்கூட்டியே அளந்து சொல்லிவிடுதல் அவசியம்.

இரண்டாவது, எடை. ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் கதவு ஏறத்தாழ 58 கிலோ எடை இருக்கும். மூட்டுவலி உள்ளவருக்கு அதைத் தள்ளித் திறப்பது சிரமம். தேக்குச் சட்டத்தின் மேற்பாதியில் மட்டும் 5 மில்லிமீட்டர் கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு இலேசானது. கால் படும் கீழ்ப்பாதி மரமாகவே இருப்பதால் பாதுகாப்பும் மிகும்.

மூன்றாவது, தெளிவு. முற்றிலும் தெளிந்த கண்ணாடி, பார்வை மங்கியவருக்குக் கதவு இருப்பதையே காட்டாது. நெற்றி மோதும் விபத்து அவ்வாறே நேர்கிறது. மங்கலாக்கிய கண்ணாடி அந்தக் குறையை நீக்கும். மேலும் அது திரைபோல அமைகிறது. ஆலயத்தில் நிவேதனத்தின்போது திரை இடப்படுவதுபோல, இல்லத்திலும் வேளை முடிந்தபின் சந்நிதி மறைய, உள்ளே எரியும் தீபத்தின் ஒளி மட்டும் மென்மையாக வெளியே தெரியும். மணல் வீசி மங்கலாக்கியதில் எண்ணெய்க் கை பட்டால் கறை எளிதில் நீங்காது. அமிலத்தால் அரித்து மங்கலாக்கியதைத் துடைப்பது எளிது. எண்ணெயும் குங்குமமும் புழங்கும் இடத்துக்குப் பின்னதே ஏற்றது.

நான்காவது, காற்று. கண்ணாடிக் கதவு இடைவெளியின்றிப் பொருந்திவிட்டால் தூபமும் விளக்குப் புகையும் உள்ளேயே தங்கிவிடும். பழைய மரக்கதவுகளில் சிறு சதுரத் துளைகள் வைத்து மணி கட்டினர். காற்றுக்கும் அவை வழிவிட்டன. புதிய கதவிலும் மேலே ஓர் இடைவெளி வேண்டும். விளக்கைக் கண்ணாடியை ஒட்டி வைக்காமல் தள்ளியே வைத்தல் நன்று.

இறுதியாக, சித்திரம். திருவுருவத்தையே கதவில் பொறிக்கச் சொல்வோர் பலர். கதவோ நாளும் கை பட்டு, இழுபட்டு, சுவரோடு சாய்ந்து நிற்பது. ஒருநாள் அது உடைந்தால், அந்தத் துணுக்குகளைப் பெருக்கி அள்ளும்போது முதியவர் மனம் படும் வேதனை பெரிது. தாமரை, குத்துவிளக்கு, சங்கு, மயிலிறகு ஆகியவை போதும். திருவுருவம் உள்ளேயே இருக்கட்டும். கதவு காண்பதற்கு உரியது அன்று, திறப்பதற்கு உரியது. அதைத் திறந்தபின் காண்பதே தரிசனம்.