குறை தோளிலா, பையிலா?
(பத்தாம் வகுப்பு மாணவி)

மலைப்பாதையில் நாள்கணக்காக நடக்கும் பயணத்திற்குப் பெயர் கொடுத்தால், வீட்டில் உடனே எழும் கேள்வி யாது? "பெண்பிள்ளை அவ்வளவு தூரம் சுமை தூக்குவாளா?" என்பதுதான். தூக்குவாள் என்பதே என் கருத்து. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள் யாவர்? பெண்கள் அல்லவா! குறை நம் தோளில் இல்லை. நமக்கென்று அளவெடுக்காத பையில் இருக்கிறது.

அண்ணன் கல்லூரிச் சுற்றுலாவுக்கு வாங்கிய பை பரணில் கிடக்கும். "நன்றாகத்தானே இருக்கிறது, இதையே கொண்டு போ" என்பார்கள். கடைக்குப் போனாலோ, "வளருகிற பிள்ளை, பெரிதாகவே கொடுங்கள்" என்பார் அம்மா. பாவாடையை மடிப்பு வைத்துத் தைத்துப் பிறகு பிரித்து விடலாம். பையை அப்படிச் செய்ய இயலுமா?

பைக்கு வேண்டிய அளவு நம் உயரம் அன்று, முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும். அது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கைகளை வைத்துப் பெருவிரல்களைப் பின்புறம் நீட்டினால் அவை காட்டும் இடம் மற்றோர் எல்லை. இவ்விரண்டுக்கும் இடையே தையல் நாடாவைப் பிடித்து ஒரு தோழி அளந்து சொல்லலாம். ஒரே உயரமுள்ள இருவரை எங்கள் வகுப்பில் அளந்து பார்த்தோம். மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு!

இந்த அளவு பொருந்தினால்தான் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின்மேல் அமரும். சுமையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது அதுவே. தோள்பட்டைகள், பை பின்னால் சாயாமல் பிடிப்பதற்கே. பை நீளமாக இருந்தால் இடுப்புப் பட்டை கீழே நழுவி, பாரமெல்லாம் தோளில் இறங்கும்; குட்டையாக இருந்தால் வயிற்றை இறுக்கும். பெண்களுக்கென்றே குறுகிய முதுகும் நெருக்கமான தோள்பட்டைகளும் வைத்த பைகள் இப்போது கிடைக்கின்றன. ஆயினும் பெயர்ச்சீட்டைவிட நாடாவை நம்புவதே நன்று.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. ஆறேழு கிலோ எடையை உள்ளே வைக்கச் சொல்லி, பட்டைகளை எல்லாம் தளர்த்தி, முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில் மார்பு என்று இறுக்கி, கால்மணி நேரம் நடக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மலையேறப் போவது அவரல்லவே!

இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பவர்கள் எம்மா கேட்வுட் அம்மையாரைக் காட்டலாம். 1955-இல், தமது 67-ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் தனியே நடந்து முடித்தவர் அவர். தோளில் தொங்கியதோ தாமே தைத்த துணிப்பை! ஆனால் அவர் கூடாரமும் தூக்கப்பையும் கொண்டு செல்லவில்லை. ஒரு போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை, அவ்வளவே. நாம் அப்படியா போகிறோம்? பல நாள் நடைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கே எல்லை என்று பொதுவாகக் கூறுவர். 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 8 கிலோ. அதில் இரண்டு லிட்டர் தண்ணீரே 2 கிலோ. முறுக்கு டப்பாவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

பெற்றோரே, அடுத்த முறை பை வாங்கப் போகும்போது எங்களையும் அழைத்துச் செல்லுங்கள். நாடாவை நாங்களே கொண்டு வருகிறோம்.