அழைத்தும் திரும்பாத பிள்ளை

அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளையை நாம் என்ன சொல்வோம்? ‘பிடிவாதக்காரன்’ என்போம், ‘காது மந்தமோ?’ என ஐயுறுவோம். நேற்றுவரை வாய் ஓயாது பேசிய பிள்ளையாயின் நம் கோபம் இன்னும் மிகும். அக்கோபம் சிலவேளை பெருந்தவறாகிவிடும் என்பதையே இவ்வாரம் பெற்றோருக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1957ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் வில்லியம் லண்டோ, பிராங்க் கிளெப்னர் என்னும் இருவர், வலிப்பு நோயோடு பேச்சையும் இழந்த சில குழந்தைகளைப் பற்றி எழுதினர். அந்நோய் இன்று அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அரிதான நோய்தான், ஆயினும் அது புகட்டும் பாடம் பெரிது.

பெரும்பாலும் 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில், நன்றாகப் பேசிவந்த பிள்ளை பிறர் பேச்சை விளங்கிக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. செவியைச் சோதித்தால் குறை எதுவுமில்லை. ஓசை செவியிற் புகுகிறது. அதைச் சொல்லாக அறியும் மூளைப் பகுதியிலோ, முக்கியமாக உறக்கத்தின்போது, மின் குழப்பம் நிகழ்கிறது. நாளடைவில் பிள்ளையின் சொந்தப் பேச்சும் குன்றுகிறது. கைகால் இழுக்கும் வலிப்பு சிலரிடம் வெளிப்படுவதேயில்லை. வந்தாலும் இரவில் வந்து எவரும் அறியாமற் போகலாம்.

பேச்சு விளங்காத பிள்ளைக்கு விளையாட்டின் விதி விளங்குமா? தோழரின் கேலி விளங்குமா? அது சினங்கொள்ளும், ஒதுங்கி நிற்கும். நாமோ அதைக் குணக்கேடு என்று தண்டிப்போம். நோய் தந்த தனிமையோடு நாம் விதித்த தனிமையும் சேர்ந்துவிடுகிறது.

செய்யத்தக்கது யாது? பேசிய பிள்ளை பேச்சிற் பின்னடையக் கண்டால் காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் காட்டுக. செவிப் பரிசோதனையோடு, உறங்கும்போது எடுக்கும் மூளை மின்பதிவும் தேவைப்படும். வலிப்படக்கும் மருந்துகளும் ஸ்டீரொயிட் மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. எனினும், வலிப்பு நின்றதும் பேச்சுத் தானே மீளும் என எண்ணலாகாது. வளரிளம் பருவத்தில் வலிப்புப் பெரும்பாலும் ஓய்ந்துவிட, மொழிக்குறை மட்டும் பலரிடம் எஞ்சி நிற்பதுண்டு. ஆதலின் படம், சைகை, எழுத்து ஆகியவற்றால் அப்பிள்ளையோடு உறவாடும் வழியைத் தொடக்கத்திலேயே அமைத்தல் வேண்டும். ஆசிரியரும் உடன்பிறந்தாரும் அதனைப் பழகிக்கொள்ளல் வேண்டும்.

அழைத்தும் வாராத பிள்ளையை அதட்டுமுன், அருகிற் சென்று அதன் முகத்தைச் சற்றே நோக்குவோமாக.