சங்கத்திடலில் கேங்மேனுக்கு எந்த இடம்?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத்திடலில் கொடி ஏறுகிறது. 1946இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்தும் மேடைகளில் 'ஒற்றுமை' என்ற சொல் தவறாமல் ஒலிக்கும்.

நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதவி உயர்வில் இடஒதுக்கீடு ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று ஒரு தலித் தொழிலாளி கேட்டால், சங்க நிர்வாகக் குழுவில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டால், "சாதியைக் கொண்டுவந்து சங்கத்தை உடைக்காதீர்கள், தோழர்" என்ற பதில்தான் வருகிறது. அப்படியானால், ரயில்வே சங்கங்களை இதுவரை உடைத்தது யார்? அவற்றின் வரலாற்றையே கேட்டுப் பார்ப்போம்.

நம் பகுதியில் அந்த வரலாறு பெருமைக்குரியது. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை பொன்மலைக்கு மாற்றப்பட்டு, ஆட்குறைப்பு நடந்தபோது, 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பொன்மலையில் ரத்தம் சிந்தியது. 1951 ஏப்ரல் 14 அன்று மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தெற்கு ரயில்வே உருவானது. தற்செயல்தான் என்றாலும், அது அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாள்.

சங்கங்கள் ஒன்றாக இருந்தனவா? அகில இந்திய அளவில் ஏஐஆர்எஃப் இருந்தது. காங்கிரஸ் சார்பில் இன்னொரு சம்மேளனம் எழுந்தது. இரண்டையும் இணைத்து 1953இல் என்எஃப்ஐஆர் அமைக்கப்பட்டது. அந்த இணைப்பு நிலைக்கவில்லை. இரண்டும் மீண்டும் தனித்தனியே நின்றன. 1974 மே 8 அன்று ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். என்எஃப்ஐஆர் அதில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் கைதாகி, வேலையிழந்து, குடியிருப்புகளிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்ட அந்தப் போராட்டம் இருபது நாளில் திரும்பப் பெறப்பட்டது. அன்று கேட்ட போனஸ் 1979இல்தான் கிடைத்தது. இதற்கிடையே ஓட்டுநர்களுக்கு ஒரு சங்கம், கார்டுகளுக்கு ஒன்று, நிலைய அதிகாரிகளுக்கு ஒன்று எனப் பிரிவு வாரியாகவும் அமைப்புகள் வளர்ந்தன. எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை ரகசிய வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்வதே 2007இல்தான் முதல்முறையாக நடந்தது.

இந்தப் பிளவுகளில் ஒன்றையேனும் தலித் தொழிலாளி உண்டாக்கினாரா? கட்சி பிரித்தது, பதவி பிரித்தது, தலைவர்களுக்கு இடையிலான போட்டி பிரித்தது. அதையெல்லாம் 'கருத்து வேறுபாடு' என்று கௌரவமாக அழைப்பார்கள். தண்டவாளத்தில் நிற்பவர் தன் குறையைச் சொன்னால் மட்டும் அதற்குப் பெயர் 'சாதிப் பிரிவினை'.

இதே குற்றச்சாட்டுக்கு அம்பேத்கர் 1938லேயே பதில் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு பிப்ரவரி 12, 13 தேதிகளில் நாசிக் மாவட்டம் மன்மாட்டில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு அவர் தலைமையில் நடந்தது. தனி மாநாடு போடுவது வர்க்கத்தைப் பிளப்பதாகும் என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். அம்பேத்கர் ரயில்வேயையே எடுத்துக் காட்டினார். தீண்டப்படாதவருக்குக் கிடைப்பது கேங்மேன் வேலை. ஆயுள் முழுக்க அதிலேயே கிடக்க வேண்டும். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. ஏனென்றால் போர்ட்டர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. தீட்டு என்று அந்த வாசல் மூடப்பட்டது. பணிமனையிலோ மெக்கானிக் ஆவதே அரிது, ஃபோர்மேன் பதவியை நினைத்தும் பார்க்க முடியாது. ஒரே முதலாளி, ஒரே ரயில்வே; ஆனால் ஒரு தொழிலாளிக்குத் திறந்திருக்கும் கதவு இன்னொரு தொழிலாளிக்குச் சாத்தியிருக்கிறது. சாத்தியிருப்பது முதலாளி மட்டுமல்ல, சக தொழிலாளியும்தான்.

தொழிலாளிக்கு முதலாளித்துவம், பார்ப்பனியம் என இரண்டு எதிரிகள் உண்டு என்று அவர் சொன்னது அந்த மேடையில்தான். பார்ப்பனியம் என்றால் பார்ப்பனர் என்ற ஆட்களைக் குறிப்பதல்ல. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தை மறுக்கும் மனப்பான்மை, அது எல்லா வகுப்பாரிடமும் பரவியிருக்கிறது என்றும் விளக்கினார். அதே உரையில் அன்றைய சங்கங்களின் உள்சண்டையையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதலாளியோடு நடக்கும் சண்டையைவிடச் சங்கத்துக்கும் சங்கத்துக்கும் நடக்கும் சண்டை பெரிதாகிவிட்டது என்றார். காரணம் தலைமை ஆசை என்றும் சொன்னார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த உரை பழையதாகவில்லை.

அடுத்து வந்ததை நீதிமன்றப் பதிவுகள் சொல்கின்றன. பதவி உயர்விலும் இடஒதுக்கீடு என்று ரயில்வே வாரியம் 1959இல் சுற்றறிக்கை அனுப்பியதும், அதை எதிர்த்து வழக்கு நம் தெற்கு ரயில்வேயிலிருந்தே போனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்ற சுற்றறிக்கை, 1961இல் ரங்காச்சாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பிழைத்தது. 1980இல் மீண்டும் ஒரு ரயில்வே வழக்கு. பட்டியலினத்தாருக்கான சலுகைகளை எதிர்த்து வந்த அமைப்பு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சோஷித் கர்மசாரி சங்கம்', அதாவது சுரண்டப்பட்ட ஊழியர் சங்கம். நீதிபதி கிருஷ்ணய்யர் அங்கம் வகித்த அமர்வு அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1992இல் மண்டல் தீர்ப்பு பதவி உயர்வு இடஒதுக்கீட்டுக்குத் தடை போட, 1995இல் 77ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை மீட்டது. சாதி பற்றிப் பேசாதே என்று சொல்லும் பணியிடத்தில்தான், சாதியின் பேரால் இத்தனை வழக்குகள் நடந்திருக்கின்றன. தனியே பட்டியலின ஊழியர் அமைப்பு தேவைப்பட்டது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இன்று கேங்மேன் என்ற பெயர் மாறி டிராக் மெயின்டெய்னர் ஆகிவிட்டது. கடப்பாரையும் வெயிலும் மாறவில்லை. அவருக்கும் கீழே இன்னொரு வரிசை வந்துவிட்டது: நிலையத்தையும் பெட்டிகளையும் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள், அதிலும் பெண்கள். தண்டவாளத்தில் மலம் அள்ளும் கொடுமையைக் கால வரம்பு வைத்து ஒழிக்க வேண்டும் என்று 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரயில்வேக்குச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தது சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்; அங்கீகாரம் பெற்ற எந்த ரயில்வே சங்கமும் அல்ல. ரகசிய வாக்கெடுப்பில் நிரந்தர ஊழியருக்குத்தான் ஓட்டு. ஓட்டு இல்லாதவரின் கூலி நிலுவைக்காக வாயிற்கூட்டம் போட எந்தத் தலைவருக்கு அவசரம் இருக்கும்?

ஆகவே, ஒற்றுமை பேசும் சங்கத் தலைவர்களிடம் மூன்றே கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, கிளை, கோட்டம், மண்டலம் என ஒவ்வொரு மட்டத்திலும் நிர்வாகிகளில் பட்டியலினத்தார் எத்தனை பேர், டிராக் மெயின்டெய்னர் எத்தனை பேர் என்பதை ஆண்டறிக்கையில் அச்சிடுங்கள். எண்ணிக்கையைச் சொல்வதால் எந்தச் சங்கமும் உடையாது.

இரண்டாவது, இடஒதுக்கீட்டு ரோஸ்டர் பதிவேட்டைச் சரிபார்ப்பதைப் பட்டியலின ஊழியர் அமைப்பின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் உரிமை அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்குத்தான் இருக்கிறது. அங்கே அது உங்கள் கோரிக்கையாக எழ வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேருங்கள். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்ற கோட்பாட்டை 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே வகுத்துக் கொடுத்தது. அதைக் கேட்டு வாங்கச் சங்கம்தான் வேண்டும்.

நம் தொழிலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மன்மாட்டில் தனி மாநாடு நடத்திய அதே அம்பேத்கர், அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு தோள் சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார். சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்ததும், தொழிலாளர் துறையை வகித்த அவர்தான். தனியே கூடுவதும் சேர்ந்து போராடுவதும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை. நமக்கும் தெரிய வேண்டியதில்லை. பட்டியலின அமைப்பில் இருப்பதோடு நிற்காமல், சங்கத்தின் கிளைத் தேர்தலிலும் நில்லுங்கள். சந்தா கட்டுகிற கைக்குத் தீர்மானம் எழுதும் உரிமையும் உண்டு.

1946இல் சுட்ட துப்பாக்கி, எதிரே நின்றவர் எந்தச் சாதி என்று கேட்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் கேட்கிறது, துப்புரவு ஒப்பந்தம் கேட்கிறது. அவை கேட்காத நாள் வரும்வரை, சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுகிறவரை உட்கார வைக்க யாருக்கும் உரிமை இல்லை.